வள்ளி என்னும் பெயர்

சென்ற மார்கழித் திங்களில் ஒருநாள் இரவு, என்னிடம் முன்னர்த் தமிழ் பயின்ற மாணாக்கர் ஒருவர் கனடா நாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். கொழும்புத்துறையில் எமது வீட்டிற்கு மூன்று வளவு தள்ளிக் கடற்பக்கமாக இருந்த சிறு வீட்டில் வளர்ந்தவர் அவர். இப்பொழுது நாற்பதை அணுகும் வயது. இரண்டாவது மகவாகப் பெண் பிறந்திருக்கிறது என்ற செய்தியைச் சொல்லிவிட்டு, "முப்பத்தொண்டுக்குள்ள ஒரு நல்ல தமிழ்ப் பேர் சொல்லுங்கோ ஐயா. மரம், செடி, கொடி, பூ, மழை எண்டு ஏதாவது இயற்கைப் பொருளிலை இருக்கட்டும். வெளிநாட்டுப் பிள்ளையளுக்கும் வாயிலை வர வேணும்" என்றார்.

பெயர் கேட்டு வருவோர் எனக்குப் புதியவர் அல்லர். தமிழ்ப் பண்டிதன் என்றால் பெயர் வைக்கவும், கல்வெட்டுப் பாடவும், திருமண வாழ்த்து எழுதவும் கடமைப்பட்டவன் என்பது ஊரார் எண்ணம். முன்னாளில் வந்தவர்கள் பொருளைக் கேட்டார்கள். இந்நாளில் வருபவர்கள் எழுத்தைக் கேட்கிறார்கள். இந்த எழுத்தில் தொடங்க வேண்டும், கூட்டினால் இந்த எண் வரவேண்டும், இறுதியில் வடவெழுத்து ஒன்று சீறவேண்டும் என்பார்கள். பொருள் என்னவென்று வினவினால் பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இம்மாணாக்கர் பொருளைக் கேட்டது எனக்கு மகிழ்ச்சி தந்தது. அந்த மகிழ்ச்சியின் வேகத்தில், சிறிதும் தாமதியாமல், "வள்ளி என்று வையும்" என்றேன். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அன்று மாலைதான் எமது வளவில் இராசவள்ளிக் கொடி பழுத்து வாடத் தொடங்கியதைக் கண்டு நின்றேன்.

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. தொடர்பு அறுந்ததென்றே எண்ணினேன். அந்த மௌனத்தின் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன். அதற்குமுன் அப்பெயரின் வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும். அன்றிரவு அவரிடம் அதைத்தான் சொல்லத் தொடங்கினேன். பண்டிதர்களுக்கு உள்ள குறை அது.

வள்ளி என்பது முதற்கண் ஒரு கொடியின் பெயர். 'வள்' என்னும் அடி வளைதற் பொருளது. வளை, வளையம், வளைவு, வளாகம் என்பன அவ்வடியிற் கிளைத்த சொற்கள். நீரிற் படரும் வள்ளை என்னும் கொடியும், வளைந்த வடிவுடைய வள்ளம் என்னும் மரக்கலமும் அக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. கொழுகொம்பைச் சுற்றி வளைந்து ஏறுவது எதுவோ அது வள்ளி. கையை வளைந்து கிடக்கும் வளைக்கும் வள்ளி என்ற பெயருண்டு. வடமொழியில் 'வல்லீ' என்ற சொல்லும் கொடியைக் குறிக்கும். ஆதலால் நம் வள்ளி அங்கிருந்து வந்தவளோ என்று ஐயுறுவார் உளர். ஒரு சொல்லைச் சூழ அதன் உடன்பிறந்தார் இத்துணைப் பேர் ஒரு வீட்டில் இருக்கும்போது அவளை வேற்றூராள் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வருவதில்லை. கனகவல்லி, அமிர்தவல்லி, செண்பகவல்லி, மரகதவல்லி என்று லகரத்தோடு வழங்கும் பெயர்கள் வடமொழி வழியாக வந்தவை. அவையும் கொடி என்னும் பொருளனவே. இரண்டையும் ஒன்றாக எழுதிக் குழப்புவது வழு. வள்ளியும் வல்லியும் ஒரே கொடியைப் பற்றியவர்களானாலும் இரண்டு வீட்டுப் பெண்கள்.

எல்லாக் கொடிக்கும் பொதுவாக இருந்த பெயர் ஒரு கொடிக்குச் சிறப்பாயிற்று. அதுவே நிலத்தடியிற் கிழங்கு வைக்கும் காட்டு வள்ளி. புறநானூற்றின் 109-ஆம் பாட்டில், பாரியின் பறம்புமலையை முற்றுகையிட்டிருந்த மூவேந்தரை நோக்கிக் கபிலர் சொல்லும் செய்தியை மாணவர் அறிவர். உழவர் உழாமலே அம்மலை நான்கு விளைவைத் தரும் என்கிறார் அவர். மூங்கில்நெல் ஒன்று, பலாப்பழம் ஒன்று, வள்ளிக்கிழங்கு ஒன்று, தேன் ஒன்று. வள்ளியின் பெருமை இந்தக் கணக்கில் இருக்கிறது. கலப்பை தொடாத நிலத்தில், யாரும் நீர் இறைக்காமல், மலையே ஊட்டும் உணவு அது. இலங்கை வேடரைக் குறித்துச் செலிக்மன் தம்பதியர் 1911-இல் வெளியிட்ட நூலிலும் காட்டுக் கிழங்கும் தேனும் அம்மக்களின் உணவிற் சிறப்பிடம் பெறுவதைக் காணலாம். கபிலர் பாட்டிற் கண்ட பொருள்கள் இரண்டாயிரம் ஆண்டுகளின் பின் ஈழத்துக் காட்டில் ஒரு குடியின் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தன.

நாம் இன்று உண்ணும் வள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தென்னமெரிக்காவின் பக்கத்திலிருந்து ஐரோப்பியர் காலத்தில் வந்தேறியவை. சர்க்கரைவள்ளியை நாம் வற்றாளை என்போம். வந்த கிழங்குகளுக்கு உள்ளூர்க் கிழங்கின் பெயரைச் சூட்டித் தமிழர் அவற்றைத் தம்மவராக்கிக் கொண்டனர். மரவள்ளி கொடியே அன்று என்பது அப்பெயரை வைத்தவர்க்கு ஒரு பொருட்டாகவில்லை போலும்! இராசவள்ளியோ உண்மையான வள்ளியின் குடியிற் பிறந்தது. சிங்களவரும் அதனை 'ராஜ அல' என்பர். அதன் தண்டு நான்கு பட்டமாய், ஓரங்களில் மெல்லிய சிறகு போன்ற வரம்போடு இருக்கும். இலை நெஞ்சின் வடிவினது. கிழங்கை வெட்டினால் உள்ளே நாவற்பழ நிறம். தோல் சீவும்போது கை கடிக்கும். அதனைப் பொறுத்துக்கொண்டு அவித்துத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் களியாகக் கிண்டித் தந்த தாய்மாரை யாழ்ப்பாணத்தார் மறப்பதில்லை. அன்றியும் அதனிடம் ஓர் இயல்பு உண்டு. கிழங்கு முற்றும்போது கொடி வாடிவிடும். மேலே பார்ப்பவனுக்கு ஒன்றும் இராது. நிலத்தினுள்ளே கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கும். பருவம் வந்ததும் யாரும் நடாமலே முளைக்கும்.

1995-ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30-ஆம் நாள் இரவு வலிகாம மக்கள் அனைவரும் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எமது வளவில் வேலியோரம் இராசவள்ளி படர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் திரும்பி வந்தோம். வீட்டிற்குக் கூரை இல்லை. புத்தகப் பெட்டகமும் இல்லை. வேலி இருந்த இடத்தில், பிடிக்கக் கொம்பின்றி, இளங்கொடி ஒன்று நிலத்தின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. என் தாயார் முதலில் ஒரு தடியை முறித்து அதன் அருகே ஊன்றினார். பின்னர்தான் வீட்டிற்குள் போனார்.

இனி, கொடியின் பெயர் பெண்ணின் பெயரானமைக்கு வருவோம். கொடிக்கும் பெண்ணுக்கும் உவமை சொல்லுவது எந்நாட்டுப் புலவர்க்கும் எளிது. வள்ளியின் செய்தி அவ்வளவோடு நிற்பதன்று. கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தை முடிக்கும் வள்ளியம்மை திருமணப் படலத்தைப் பாருங்கள். மான் ஒன்று, தன் வயிற்றிற் பிறந்தது தன் இனம் அன்று என்று கண்டு, குழவியை விட்டு நீங்குகிறது. விட்ட இடம் எது? வேட்டுவ மகளிர் வள்ளிக்கிழங்கு அகழ்ந்தெடுத்த குழி. அங்கே அழுகை கேட்டு வந்த நம்பியும் அவன் மனைவியும் மகவை எடுத்து வளர்க்கிறார்கள். வள்ளி அகழ்ந்த குழியிற் கிடைத்தமையால் குறவர்குல முதியோர் வள்ளி என்று பெயரிடுகின்றனர். குழந்தையின் அழகை நோக்கியோ, கோளும் நாளும் பார்த்தோ அப்பெயர் வைக்கப்படவில்லை. கிழங்கை எடுத்தபின் எஞ்சிய வெற்றிடமே அவளுக்குத் தொட்டில். ஊருக்கு உணவைக் கொடுத்த குழி ஒரு மகளையும் கொடுத்தது. பெயர்க்காரணம் சொல்லும் கதைகள் நம் புராணங்களிற் பல உண்டு. மண்வெட்டி பட்ட மண்ணின் மணம் வீசும் கதை இதுபோல் வேறொன்றை நான் அறியேன்.

கச்சியப்பர் கதையைத் தொண்டைநாட்டில், மேற்பாடிக்கு அணித்தாகிய வள்ளிமலையில் நிகழ்த்துகிறார். ஆனால் வள்ளி அவருக்கு நெடுங்காலம் முந்தியவள். முருகனோடு சேர்ந்து வந்த வள்ளியை நற்றிணை உவமையாகக் காட்டுகிறது. திருமுருகாற்றுப்படையில் ஆறு முகங்களுள் ஒன்று அவளோடு நகைமகிழ்ந்து இருப்பதற்கென்றே அமைந்தது. அங்கே நக்கீரர் அவளுடைய இடையைக் கொடியோடு உவமிக்கும்போது பெயரின் பொருளையும் தொட்டுவிடுகிறார். பரிபாடலின் ஒன்பதாம் பாட்டு, தேவசேனைக்கும் வள்ளிக்கும் இடையே எழுந்த ஊடலை வைத்துக்கொண்டு, களவொழுக்கத்தின் மேன்மையைத் தமிழின் மேன்மையாக எடுத்துப் பேசுகிறது. தெய்வயானை வெள்ளையானை வளர்த்த விண்ணவர் மகள். மாலை சூட்டி மணந்தவள். வள்ளி தினைப்புனத்திற் கிளி ஓட்டியவள். தேனும் தினைமாவும் கொடுத்தவள். தமிழ்ப்புலவர் மனம் யார்பக்கம் சாய்ந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தொல்காப்பியத்தில் வள்ளி இரண்டு இடங்களில் உரையாசிரியர்களுக்குத் தொல்லை கொடுக்கிறாள். கொடிநிலை, கந்தழி, வள்ளி என மூன்றனை ஒருங்கு வைத்து ஓதும் நூற்பாவில், வள்ளி என்பது தண்கதிர் மண்டிலமாகிய திங்கள் என்று நச்சினார்க்கினியர் உரைத்தார். அப்பொருள் எனக்கு என்றும் உவப்பானதன்று. ஆயினும் அப்பெருமகனோடு வழக்காட நான் யார்? மற்றையது வெட்சித்திணையில் வரும் வாடாவள்ளி. அது வள்ளிக்கூத்தின் பெயர். வாடும் வள்ளி கொடி. வாடாத வள்ளி கூத்து. தமிழர் கூத்திற்குப் பெயரிடும்போதும் அக்கொடியை மறக்கவில்லை. அதன் வாடும் இயல்பையும் மறக்கவில்லை. இராசவள்ளி நட்டு வளர்த்த ஒருவனுக்கு அந்த அடைமொழியைப் புரிய வைக்க உரை வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் அவள் வீட்டுப் பெண்ணானது கந்தபுராணத்தால். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் நம்மவர் வாழ்வையே கந்தபுராண கலாசாரம் என்று சுட்டினார்கள். கோயில் மண்டபத்தில் ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரே இருந்து கேட்ட புராணபடனம் நம் முன்னோரின் பள்ளிக்கூடம். வள்ளியம்மை திருமணம் படிக்கும் நாள் கல்யாண நாள் போலவே கொண்டாடப்படும். தென்னிலங்கையிற் கதிர்காமத்தில் ஆடித் திருவிழாவின்போது பெருமான் இரவுதோறும் எழுந்தருளிச் செல்வது வள்ளியம்மையின் கோயிலுக்கே. சிங்களவரும் அவளை 'வள்ளி அம்மா' என்றே வணங்குகின்றனர். வேடர் அவளைத் தம் குலத்துப் பெண் என்று உரிமை பாராட்டுகின்றனர். ஓர் இலங்கைத் தீவில் மூவரும் ஒருங்கே உறவு சொல்லும் பெண் அவள் ஒருத்தி.

அப்பெயர் தாங்கியவர்களை எண்ணினாலும் பெருமிதமே வரும். தென்னாபிரிக்காவில் அறப்போரிற் சிறைசென்று, நோயுற்று மீண்டு, 1914-ஆம் ஆண்டு பெப்ரவரி 22-ஆம் நாள், பதினாறு வயதில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையை எவர் அறியார்? ஆடவர்க்கும் அப்பெயர் ஆகிவந்தது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா அவர்கள் (1922 - 1989) பெயரில் இருப்பவளும் இவளே. ஈழத்திலே காங்கேசன்துறையிற் பிறந்த எழுத்தாளர் வள்ளிநாயகி இராமலிங்கம் (1933 - 2016) புனைபெயர் ஒன்று வேண்டியபோது தம் பெயரின் பொருளையே எடுத்துக் 'குறமகள்' ஆனார். அவர் கனடா நாட்டிலேயே காலமானார்.

இவற்றில் ஒரு பகுதியைத் தொலைபேசியில் அடுக்கிக்கொண்டு போனேன். மாணாக்கர் பொறுமையாகக் கேட்டார். முடிவில், "எல்லாம் சரி ஐயா. எங்கட ஆச்சியின்ரை பேர் என்ன எண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்றார்.

தெரியும். அவருடைய பேர்த்தியாரின் பெயர் வள்ளி. வள்ளியம்மை அன்று, வள்ளிப்பிள்ளை அன்று, வள்ளிநாயகி அன்று. வள்ளி மட்டும்.

யாழ்ப்பாணத்துப் பெயர்களின் இலக்கணத்தில் நூல்களிற் காணாத ஒரு விதி இருந்தது. கந்தசாமி ஒரு சாதியார்க்கு, கந்தன் மற்றொரு சாதியார்க்கு. அம்மையும் பிள்ளையும் நாயகியும் சிலர் வீட்டுப் பெண்களுக்கு உரிமை. பிறர் வீட்டில் அவற்றைச் சேர்த்தால் துணிவு என்பார்கள். பெயரின் வால் குறுகக் குறுக, சொந்தக்காரர் ஊரில் இருக்கும் இடமும் குறுகும். பள்ளிக்கூடங்களிற் சம ஆசனம் வேண்டி 1929-இல் எழுந்த கிளர்ச்சியையும், 1957-இல் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் பற்றிய சட்டத்தையும், 1968-இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் வரலாறு எழுதுவோர் குறிப்பிடுகின்றனர். பெயர்ப்பதிவு ஏட்டில் நிகழ்ந்ததை அவ்வளவாக எவரும் குறிப்பிடுவதில்லை.

அம்மூதாட்டி எமது வீட்டு முற்றம் பெருக்கவும் நெல்லுக் குற்றவும் வருவார். நான் ஐந்து ஆறு வயதுச் சிறுவன்; அவர் நாற்பதைக் கடந்தவர். "வள்ளி, தண்ணி தா" என்றுதான் அவரைக் கூப்பிட்டிருக்கிறேன். என் தந்தையாரும் அப்படியே அழைத்தார், பாட்டனாரும் அப்படியே அழைத்தார். அவர் என்னைத் 'தம்பி ஐயா' என்பார். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, தொல்காப்பியத்து உயர்திணை மரியாதையெல்லாம் படித்த பின்னர்தான், ஒருநாள் 'ஆச்சி' என்று கூப்பிட என் வாய் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரையோ அழைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"சின்னப் பிள்ளையள் கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆச்சியைக் கூப்பிட்டவை. அதைக் கேட்டுக் கேட்டு வளந்தவன் நான். அதையே என்ரை பிள்ளைக்கும் வைக்கச் சொல்லுறியளோ?" என்று மாணாக்கர் கேட்டார். அவர் குரலிற் கோபம் இல்லை. அந்தச் சின்னப் பிள்ளைகளுள் நானும் ஒருவன் என்பது அவருக்கு நன்கு தெரியும். நற்றிணையிலும் வள்ளி, வெறும் வள்ளியே. அம்மையும் நாயகியும் பிற்காலத்து ஒட்டுக்கள். ஆச்சியின் பெயர்தான் பழைமையான தூய வடிவம் என்று சொல்ல என் நாவிற்கு ஒரு விடை வந்தது. இலக்கண நெறியில் அது பிழையன்று. ஆனால் அவ்விடையை அவரிடம் சொல்ல நான் தகுதியுடையவனா என்று எண்ணியபோது நாவு எழவில்லை. நாளை பேசுகிறேன் என்று தொடர்பைத் துண்டித்தேன்.

மறுநாட் காலை ஆச்சி வீட்டிற்குப் போனேன். தொண்ணூறைக் கடந்தும் கண் தெரிகிறது, காது கேட்கிறது. மகளோடு இருக்கிறார். பூட்டப்பிள்ளைக்குப் பெயர் பார்க்கிறோம், உங்கள் பெயரை வைக்கலாமா என்று கேட்டேன். வாயைத் திறந்து சிரித்தார். பிறகு, நான் இதுவரை அறியாத ஒன்றைச் சொன்னார்.

"என்ரை பேர் வள்ளியம்மை தம்பி. அப்பு அப்பிடித்தான் வைச்சவர். கதிர்காமத்துக்கு நடந்து போட்டு வந்து வைச்ச பேராம். பள்ளிக்கூடத்திலை சேர்க்கேக்கை, பேர் என்ன எண்டு கேட்டவை. அப்பு வள்ளியம்மை எண்டு சொன்னார். எழுதினவர் வள்ளி எண்டு எழுதிப்போட்டு, போதும் எண்டார். அம்மையை அவர் தன்னட்டை வைச்சுக்கொண்டார்."

இதைச் சொல்லி மீண்டும் சிரித்தார். அந்தப் பள்ளியில் இரண்டு ஆண்டே படித்தாராம். எழுதியவர் யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எழுத்தறிவிப்பவனை இறைவன் என்று போற்றும் தொழிலைச் செய்பவன் நான். ஒரு சிறுமியின் பெயரில் மூன்றெழுத்தை வெட்டுவதற்கு ஒரு பேனாமுனை போதுமானதாக இருந்தது. முப்பது ஆண்டுகளாக நானும் வரவு ஏடு எழுதுகிறேன். எத்தனை பெயர்களை என் வசதிக்காகச் சுருக்கி எழுதினேன் என்று வீட்டிற்கு வரும் வழி முழுவதும் எண்ணிக்கொண்டு வந்தேன்.

அன்றிரவு மாணாக்கருக்கு ஆச்சி சொன்னதைச் சொன்னேன். அவரும் இதனை முன்பு கேள்வியுற்றிருக்கவில்லை. பெயர் குட்டையானது என்று வெட்கப்பட்டு வளர்ந்தவருக்கு, அது குட்டையாக்கப்பட்டது என்பது புதிய செய்தி. சிறிது நேரம் கழித்து, "அப்ப, வள்ளியம்மை எண்டு வைக்கிறன் ஐயா. ஆச்சியிட்டை எடுத்ததை இவளிட்டைக் குடுப்பம்" என்றார். அவருடைய மனைவியார் பக்கத்தில் இருந்து, பெயர் பழங்காலத்தது, அங்குள்ள பள்ளியிற் சிரிப்பார்கள் என்று மெல்லத் தடை சொன்னது எனக்கும் கேட்டது. தடை நியாயமானதே. ஆங்கில எழுத்தில் எழுதினால் வள்ளியும் வல்லியும் ஒன்றாகிவிடும். வாசிப்பவர் வாயிற் பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகவும் ஆகிவிடும். குறிஞ்சிநிலத்து மலைமகளைப் பள்ளத்தாக்கு என்று கூப்பிடும் காலமும் வந்ததே என்று நான் சொன்னபோது அந்த அம்மையாரும் சிரித்துவிட்டார். நெடிய பெயரைப் பள்ளியிற் சுருக்குவார்களே என்று அவர் மறுபடியும் கேட்டார். சுருக்குவது வீட்டாரின் அன்பினால் ஆனால் தீதில்லை. ஏட்டில் முழுமையாக இருக்கட்டும் என்றேன்.

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் முப்பத்தொன்று வந்தது. அங்கே பெயர் சூட்டினார்கள். அதே நாள் இங்கே இராசவள்ளியை அகழ்ந்தோம். கிழங்கில் ஒரு பாதியை ஆச்சி வீட்டிற்குக் கொண்டுபோனேன். "முளைக்குத் தலைப்பக்கத்தை வைச்சிருக்கிறியளோ?" என்பதுதான் அவர் முதலிற் கேட்டது. வைத்திருக்கிறேன் என்றதும் மகளைக் கூப்பிட்டுக் களி கிண்டச் சொன்னார்.

இரவு தொலைபேசியில் அங்குள்ளவர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். பெயரை எப்படிச் சொல்வது என்று பிள்ளைகளுக்குக் காட்டித் தரும்படி மாணாக்கர் கேட்டார். நாவின் விளிம்பு தடித்து மேலண்ணத்தை ஒற்றப் பிறப்பது லகரம், வருடப் பிறப்பது ளகரம் என்பது தொல்காப்பியர் கண்ட விதி. அதனை எளிய சொல்லில் விளக்கி, மூன்று முறை சொல்லிக் காட்டினேன். பெரியவர்கள் வாயில் வல்லியம்மையே வந்தது. நான்காவது முறை, குழந்தையின் தமையனாகிய ஆறு வயதுச் சிறுவன் நாவை நன்றாக மடித்து, வள்ளியம்மை என்று பிழையறச் சொன்னான்.